மக்களோடு சேர்ந்து சேவையை வடிவமைக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஒரு சேவையை, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களோடு உட்கார்ந்துதான் வடிவமைக்க வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. முதியோருக்கான பகல்நேர மையமோ மனநல ஆலோசனையோ, திட்ட அறிக்கையில் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு பத்தி இருக்கும். ஆனால் மக்களைக் கூப்பிடும் நேரத்தில் முக்கியமான முடிவுகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கும். இடம் எது, எத்தனை மணிக்குத் திறப்பது, பணம் எதற்குப் போகும், யாரை வேலைக்கு எடுப்பது என்பதெல்லாம் முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது சுவரின் நிறமும் பெயர்ப் பலகையும்தான். அதற்காக ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பது பங்கேற்பு ஆகாது. முதல் தவறு இதுதான், மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்து கிளைவிடுகின்றன.

1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடியிலுள்ள இரண்டு படிகளில் பங்கேற்பு என்பதே கிடையாது. நடுவிலுள்ள மூன்று படிகள் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. இவற்றைப் பெயரளவுப் பங்கேற்பு என்றார். மேலுள்ள மூன்றில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையிலேயே மக்கள் கைக்கு வருகிறது. எல்லாத் திட்டமும் உச்சிப் படியில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சட்டமும் நிதி விதிகளும் சிலவற்றை முன்பே கட்டிப்போட்டிருக்கும். ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். எவை முடிவாகிவிட்டன, எவற்றில் உங்கள் கருத்து முடிவை மாற்றும், எவற்றை நீங்களே தீர்மானிக்கலாம் என்று எழுதி எல்லார் கையிலும் கொடுங்கள். கடைசிப் பகுதி காலியாக இருந்தால் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள். நிர்வாகத்திடம் போய், அதில் எழுத ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது, வந்தவர்களையே 'சமூகம்' என்று எடுத்துக்கொள்வது. கூட்டத்துக்கு வர நேரம் வேண்டும், பேசத் துணிச்சல் வேண்டும். இரவு வேலைக்குப் போகிறவர், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர், சேவையில் மனம் வெறுத்துப் பாதியில் நின்றுபோனவர், இவர்களில் யாரும் அந்த அறையில் இருக்கமாட்டார்கள். பாதியில் நின்றவரிடம் கிடைக்கும் செய்தி, தொடர்ந்து வருகிறவரிடம் கிடைக்காது. ஆகவே அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்களுக்குத் தோதான நேரத்தில் நாம்தான் போக வேண்டும். அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுப்பதும் அவசியம். வடிவமைப்பாளருக்குக் கட்டணம், அதிகாரிக்குச் சம்பளம், வாழ்ந்து பட்டதைச் சொல்கிறவருக்கு மட்டும் நன்றிக் கடிதம் என்பது நியாயமில்லை. ஒரு எச்சரிக்கை: வருமானத்தைப் பொறுத்து அரசு உதவி பெறுகிறவருக்கு, இந்தப் பணமே அந்த உதவியைக் குறைத்துவிடலாம். எந்த வடிவில் கொடுத்தால் பாதிப்பு வராது என்பதை அவரோடு பேசித் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

கேள்வி கேட்பதிலும் சறுக்கல் உண்டு. 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால், ஏற்கெனவே பார்த்த ஏதோ ஒன்றைத்தான் சொல்வார்கள். 'கடைசியாக வந்த நாளில் என்னென்ன நடந்தது, எங்கே சலிப்பு வந்தது, எங்கே பயம் வந்தது?' என்று கேட்டால் சேவையின் ஓட்டைகள் தானாகத் தெரியும். 2000-களின் நடுவில் இங்கிலாந்தின் லூட்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் பால் பேட், கிளென் ராபர்ட் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் செய்த வேலை இதற்கு நல்ல முன்னுதாரணம். நோயாளிகளின் அனுபவங்களைப் படம்பிடித்துக் கேட்டார்கள், பணியாளர்களின் அனுபவத்தையும் கேட்டார்கள். பிறகு இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்து, எதை முதலில் திருத்துவது என்று பேசவைத்தார்கள். பணியாளர்களை விட்டுவிட்டு மக்களை மட்டும் கேட்பதும் பெரிய தவறுதான். மாற்றத்தை நாளை காலை முதல் செய்யப்போகிறவர்கள் பணியாளர்களல்லவா?

துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதை நான் மிகவும் வெறுக்கிறேன். ஒரு தாய் தன் இழப்பை ஒரு குழுவிடம் சொல்லியிருந்தால், அவர் சம்மதத்தோடு அந்தப் பதிவை அடுத்த குழு பயன்படுத்தட்டும். நடுவில் நிறுத்திவிடலாம், பதில் சொல்லாமலும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பேசி முடித்த பிறகு ஆறுதலாகப் பக்கத்தில் இருக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

சேவை எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரியை அதிகம் மெருகேற்றிக் காட்டாதீர்கள். 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்களோடு நடந்த யுடோபியா திட்டத்தில், வரப்போகும் கணினிக் கருவிகளை அட்டைப்பெட்டிகளால் செய்து வைத்து, அவற்றோடு வேலை செய்து பார்த்தார்கள். அட்டைப்பெட்டி என்றால் 'இதைத் தூக்கி அங்கே வை' என்று யாரும் தயங்காமல் சொல்வார்கள். பளபளப்பான திரையைக் காட்டினால், 'நல்லா இருக்கு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்புறம் அளவீடு. எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்பது நலவாழ்வைச் சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு, கடந்த இரண்டு வாரங்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. சேவை தொடங்குமுன் ஒருமுறை, சில மாதம் கழித்து ஒருமுறை கேட்கலாம். எண் மாறியதற்குக் காரணம் அதில் இருக்காது, அதை மக்களிடம் பேசித்தான் அறிய வேண்டும். 1986-இல் கனடாவில் அந்த நிறுவனம் கூட்டிய மாநாட்டில் ஏற்கப்பட்ட ஒட்டாவா சாசனம் ஆரோக்கியத்துக்கு அடிப்படையாக அமைதி, உறைவிடம், கல்வி, உணவு, வருமானம் முதலியவற்றைப் பட்டியலிடுகிறது. வாடகை கட்ட முடியாமல் தூக்கமிழந்தவரிடம் மனநல ஆலோசனை மட்டும் நீட்டிவிட்டு, மதிப்பெண் ஏறவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை. மக்கள் வாடகையைப் பற்றிப் பேசினால் 'அது எங்கள் துறையில்லை' என்று சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள், உரிய துறையை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள்.

கூட்டங்கள் முடிந்ததும் மௌனமாகிவிடுவது அடுத்த அழைப்புக்கு யாரும் வராதபடி செய்துவிடும். எந்த யோசனையை ஏற்றோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பதைச் சில வாரங்களுக்குள் சொன்னவர்களிடமே திரும்பச் சொல்லுங்கள். சேவை ஓடத் தொடங்கிய பின்னும் அதை நடத்தும் குழுவில் அவர்களுக்கு வாக்குரிமையோடு இடம் இருக்கட்டும். திட்ட நிதி தீர்ந்த பிறகு அவர்கள் குழுவில் தொடர்வதற்கான செலவை யார் ஏற்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள்.