கரடுமுரடான பாதை வண்டிக்கு டர்போ பொருத்துதல்: எரிபொருளில் தொடங்கும் செய்முறை

புகைவாயுவின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜர் பற்றிய பேச்சு பெரும்பாலும் காற்றில்தான் தொடங்குகிறது: எவ்வளவு அழுத்தம், எவ்வளவு பெரிய டர்போ, எவ்வளவு குதிரைத்திறன் கூடும் என்பதே கேள்வியாக இருக்கிறது. இந்தச் செய்முறையில் வேலைகளின் வரிசையை நான் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். அளக்கும் கருவி முதலில், எரிபொருள் அடுத்து, டர்போ அதற்குப் பிறகு. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது எளிது. அதற்கு ஈடான பெட்ரோல் உள்ளே போய்ச் சேராவிட்டால், முழு சுமையில் ஒரு பிஸ்டன் கெட்டுப்போகச் சில விநாடிகளே போதும்.

'வீட்டில் செய்த டர்போ' என்ற சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளை எளிதாகத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் சுழலும் சக்கரத்தை வீட்டுப் பட்டறையில் கடைந்து சமநிலைப்படுத்த முடியாது. அது வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. ஆகவே டர்போவை வேறொரு வாகனத்திலிருந்து எடுக்கிறோம். மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகைவாயுவை ஒன்றுசேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி), குழாய்கள், ஆயில் இணைப்புகள், டியூனிங் ஆகியவற்றை நாமே செய்கிறோம்.

எடுத்துக்காட்டாக 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், இன்ஜெக்டர் உள்ள, 9:1 அழுத்த விகிதம் கொண்ட, ஏறத்தாழ 80 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். இலக்கு 0.4 பார் பூஸ்ட் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தம்), அதாவது சுமார் 6 பிஎஸ்ஐ. பாறை ஏறவும் மணலில் ஓடவும் பயன்படும் வண்டிக்குத் தேவைப்படுவது குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவிசைதான் என்பதால், இந்தச் சிறிய அளவே தாராளம். இத்தகைய மாற்றத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட உங்கள் பகுதியின் வாகன விதிகளும் புகை விதிகளும் இடம் தருகின்றனவா என்பதை வேலை தொடங்குமுன் பார்த்துவிடுங்கள்.

படி 1: எஞ்சினின் உடல்நிலை

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பற்றவைப்பையும் இன்ஜெக்டர்களையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து எழுதுங்கள். அவற்றுக்குள் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், அந்த எஞ்சினைச் சரிசெய்யும் வரை டர்போவை மறந்துவிட வேண்டும். ரேடியேட்டரும் அப்படியே: இப்போதே ஏற்றத்தில் சூடாகும் வண்டி, டர்போவுக்குப் பிறகு நிச்சயமாகக் கொதிக்கும்.

படி 2: கண்கள் பொருத்துதல்

வண்டியோடு வரும் பழைய வகை ஆக்சிஜன் சென்சார், கலவை (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதம்) 14.7:1 என்ற எல்லைக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பதை மட்டுமே தெளிவாகச் சொல்லும். நமக்குத் தேவை வைட்பேண்ட் சென்சார், 12:1, 11.5:1 போன்ற அளவுகளையும் எண்ணாகவே காட்டுவது அதுதான். அதை டர்போவுக்குப் பின்னால், டர்பைனின் (டர்போவில் புகைவாயு சுழற்றும் பக்கம்) வாயிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி, கிடைமட்டத்துக்கு மேலே சாய்ந்து நிற்கும்படி பொருத்துங்கள். படுத்த நிலையிலோ தலைகீழாகவோ வைத்தால், புகைக்குழாயில் திரளும் நீர் சென்சாருக்குள் தங்கி அதை உடைத்துவிடும். இப்போதைக்கு டர்போ இல்லாவிட்டாலும், பின்னால் வரப்போகும் இடத்தைக் கணக்கிட்டே துளையிடுங்கள்.

இதனுடன் நிரல் மாற்றக்கூடிய ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒன்றும், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் 2.5 பார் வரை அளக்கும் அழுத்த சென்சார் ஒன்றும் தேவை. டர்போ இல்லாத வண்டியின் சென்சார் வளிமண்டல அழுத்தமான 101 கிலோபாஸ்கலைச் சற்றே தாண்டியதும் நின்றுவிடும் என்பதால், பூஸ்ட் வந்ததே ஈசியூவுக்குத் தெரியாமல் போகும்.

டர்போ இன்றியே புதிய ஈசியூவில் வண்டியைச் சீராக ஓட வையுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்புதல், நிலையான ஓட்டம், ஏற்றம் எல்லாம் ஒழுங்காக வரட்டும். இந்த இரண்டு வாரப் பொறுமை, பின்னால் ஒரு கோளாறு வரும்போது அது பழையதா புதியதா என்று திகைக்கும் நிலையைத் தவிர்க்கும். தொடக்கநிலையாளர்கள் தாண்டிவிட ஆசைப்படுவதும் இந்தப் படியைத்தான்.

படி 3: எரிபொருளை முன்கூட்டியே பெருக்குதல்

0.4 பார் பூஸ்டில் உறிஞ்சும் காற்று ஏறத்தாழ 1.4 மடங்காகும், வெப்ப இழப்பைக் கழித்தாலும் 110 குதிரைத்திறனுக்குத் தயாராக இருப்பது பாதுகாப்பு. டர்போ உள்ள பெட்ரோல் எஞ்சின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.27 கிலோ பெட்ரோல் கேட்கும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 110 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 30 கிலோ, அதாவது சுமார் 40.5 லிட்டர். நிமிடத்துக்கு 675 மில்லிலிட்டர். நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 169 மில்லிலிட்டர். இன்ஜெக்டர் தன் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 211 என்று வரும். 220 முதல் 250 வரையுள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். இதைவிட மிகப் பெரியதை வாங்கினால் ஐட்லிங் கெடும்.

பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு காற்று மேனிஃபோல்டிலிருந்து ஒரு சிறு குழாய் போகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பூஸ்ட் ஏறும் அளவுக்கே பெட்ரோல் அழுத்தமும் ஏறும். ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் அது நடக்காது. 3 பார் அழுத்தத்துக்கு எதிராக 0.4 பார் பூஸ்ட் நிற்பதால் மீதி 2.6 பார் மட்டுமே வேலை செய்யும். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் சுமார் 7 சதவீதம் குறையும், அதுவும் மிகவும் தேவைப்படும் நொடியில்.

சாலை வண்டிக்கு டர்போ போடுவோர் நினைத்துப் பார்க்காத ஒன்று இங்கே உண்டு. செங்குத்தான சரிவில் டேங்க் சாயும்போது பம்பின் வாய் பெட்ரோலைவிட்டு விலகி, காற்றை உறிஞ்சும். டர்போ இல்லாத எஞ்சின் அப்போது திணறி நிற்கும், அவ்வளவுதான். பூஸ்டில் உள்ள எஞ்சினோ கலவை மெலிந்து, நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிதல்) வந்து, பிஸ்டனைத் தின்னும். ஆகவே, டேங்குக்கும் இன்ஜெக்டர்களுக்கும் நடுவில் எப்போதும் நிரம்பியிருக்கும் ஒரு சிறிய இடைக்கலனைப் பொருத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். அது இல்லாத வரை டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு ஏற்றத்தில் பூஸ்ட் வேண்டாம்.

படி 4: டர்போவைத் தேர்ந்தெடுத்தல்

1.0 முதல் 1.5 லிட்டர் வரையுள்ள எஞ்சினுக்கென்று செய்யப்பட்ட சிறிய டர்போவே நமக்கு ஏற்றது. அது 2,500 சுற்றுக்குள் காற்றடிக்கத் தொடங்கும். மேலே 6,000 சுற்றில் மூச்சுத் திணறினாலும் பாறை ஏறும் வண்டிக்குக் கவலையில்லை. பெரிய டர்போவின் குதிரைத்திறன் காகிதத்தில் அழகாக இருக்கும். சேற்றில் சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகு திடீரென வரும் விசை உங்களை இன்னும் ஆழமாகப் புதைக்கும்.

பயன்படுத்திய டர்போவை வாங்கும்போது தண்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறு ஆட்டம் இயல்பு, ஆனால் சக்கரத்தின் விளிம்பு கூட்டைத் தொடக் கூடாது. கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும் பக்கம்) இதழ்களின் முனை தேய்ந்திருந்தால், அது புழுதி தின்ற டர்போ.

படி 5: புகை மேனிஃபோல்டு

நீண்ட வளைவுகள் கொண்ட அழகிய மேனிஃபோல்டு வேண்டாம். நான்கு குட்டைக் குழாய்கள் ஒரு தடித்த குழாயில் சேரும் எளிய வடிவமே இடத்தையும் வெப்பத்தையும் காக்கும். பாறைமீது அதிரும்போதும் தாங்கும். தடித்த சுவருள்ள எஃகுக் குழாயையும், 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கனமுள்ள ஃப்ளேஞ்சுகளையும் (போல்ட் போடும் இணைப்புத் தகடுகள்) பயன்படுத்துங்கள். வெல்டிங் செய்யும்போது ஃப்ளேஞ்சைத் தடித்த எஃகுத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கி, முழுக்க ஆறிய பிறகே கழற்றுங்கள். இல்லாவிட்டால் அது வளைந்துவிடும், கேஸ்கெட் நிற்காது.

வெப்பத்தில் உலோகம் நீளும். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகு 700 டிகிரி செல்சியஸுக்குப் போகும்போது இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். துருப்பிடிக்காத எஃகு இன்னும் அதிகமாக நீளும். எனவே டர்போவின் எடையை எஞ்சின் பிளாக்கிலிருந்து வரும் ஒரு தாங்கி சுமக்கட்டும், அந்தத் தாங்கி மட்டும் நீள்வதற்குச் சற்றே இடம் தரட்டும். டர்போவுக்குப் பின்னால் வரும் குழாயில் வளையும் பெல்லோஸ் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

படி 6: ஆயில்

உள்ளே போகும் ஆயிலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். டர்போவைக் கெடுப்பதோ பெரும்பாலும் வெளியேறும் வழிதான். டர்போவிலிருந்து வெளியேறும் ஆயில் அழுத்தமில்லாத நுரையாக, தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது. அதன் குழாய் 14 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டத்துடன், எங்கும் மேலேறாமல், ஆயில் தொட்டியின் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும்.

சமதளத்தில் இது எளிது. நம் வண்டி நிற்கப்போவது 30 டிகிரி சரிவில்! என் முதல் முயற்சியில் வடிகுழாயை முன்பக்கமாகச் சாய்த்து இறக்கியிருந்தேன். சாலையில் குறையொன்றும் இல்லை, நீண்ட ஏற்றத்தில் மட்டும் நீலப் புகை கிளம்பியது. டர்போவே பழுது என்று அதை இருமுறை கழற்றிப் பார்த்த பிறகுதான் உண்மை புரிந்தது: வண்டியின் மூக்கு மேலே எழுந்ததும் அந்தக் குழாய் ஏறக்குறைய கிடைமட்டமாகிவிட்டது. ஆகவே டர்போவை இயன்றவரை உயரமாக வைத்து, வடிகுழாயை நேர்க்குத்தாக இறக்குங்கள்.

கூலன்ட் இணைப்பு உள்ள டர்போவில் அதைக் கட்டாயம் இணைத்துவிடுங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் பேரிங் வெப்பத்தை அது எடுத்துச் செல்லும்.

படி 7: காற்று வழி

30 டிகிரி வெப்பமுள்ள காற்றை 1.4 மடங்கு அழுத்தும்போது, 65 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து அது ஏறத்தாழ 77 டிகிரியாக வெளிவரும். இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) இல்லாமலும் 0.4 பாரில் ஓட்டலாம் என்பார்கள். வேகமாகக் காற்றடிக்கும் சாலையில் அது உண்மைதான். லோ ரேஞ்ச் கியரில் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டுவது) மெதுவாக ஏறும்போது எஞ்சின் அறையே அடுப்பாகிவிடுவதால், சிறிய இன்டர்கூலரையாவது தன் மின்விசிறியோடு, சேறு தெறிக்காத உயரத்தில் பொருத்துங்கள்.

எஞ்சினின் பிசிவி குழாயிலும் (எஞ்சின் அடிப்பாகத்தின் ஆவியைக் காற்று வழிக்குத் திருப்புவது) பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதியின் விசையைப் பெருக்கும் கருவி) குழாயிலும் ஒருவழி வால்வு சரியாக வேலை செய்கிறதா என்று ஊதிப் பாருங்கள். பிசிவி வழியே பூஸ்ட் புகுந்தால் ஆயில் சீல்கள் கசியும். பிரேக் வழியே புகுந்தால் நடக்கப்போவதைச் சொல்லத் தேவையில்லை. முடிவில் குழாய் வாயை அடைத்து 0.5 பார் காற்றை உள்ளே விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடுங்கள்.

படி 8: டியூனிங்

ஒரு படி குளிர்ந்த வகை (வெப்பத்தை விரைவில் கடத்திவிடும்) ஸ்பார்க் பிளக்கை, 0.7 மில்லிமீட்டர் இடைவெளியுடன் போடுங்கள். வேஸ்ட்கேட்டின் (டர்பைனைச் சுற்றிப் புகைவாயுவைத் திருப்பிவிட்டு பூஸ்டை மட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் அழுத்தம் மட்டுமே பூஸ்டைத் தீர்மானிக்கட்டும். மின்னணுக் கட்டுப்பாடு இப்போது வேண்டாம். மேனிஃபோல்டு அழுத்தம் 155 கிலோபாஸ்கலைத் தாண்டினால் பெட்ரோலை நிறுத்திவிடும்படி ஈசியூவில் வரம்பு வையுங்கள். வேஸ்ட்கேட் குழாய் கழன்றுபோகும் நாளில் எஞ்சினைக் காப்பது அந்த ஒரு வரிதான்.

எரிபொருள் அட்டவணையின் ஒரு பக்கம் சுற்று வேகம், மறுபக்கம் மேனிஃபோல்டு அழுத்தம். கட்டத்தில் இருப்பது சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்ற எண்; அழுத்தத்துக்கு ஏற்ற பெருக்கலை ஈசியூவே செய்துகொள்ளும். 100 கிலோபாஸ்கல் வரையுள்ள கட்டங்கள் இரண்டாம் படியில் ஏற்கெனவே சரியாகிவிட்டன. புதிய இன்ஜெக்டரின் அளவை மட்டும் பதிந்து அவற்றை ஒருமுறை சரிபாருங்கள். அதற்கு மேலுள்ள கட்டங்களை 100 கிலோபாஸ்கல் கட்டத்தின் மதிப்பைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டி நிரப்புங்கள். பெட்ரோல் மிகுந்த பக்கத்திலிருந்து மெல்லக் குறைத்து வருவதே வழி. மெலிந்த பக்கத்திலிருந்து தொடங்கினால் முதல் தவறே கடைசித் தவறாகலாம். பூஸ்டில் நம் இலக்கு 11.5:1 முதல் 12:1 வரை.

பற்றவைப்பு நேரத்தை, ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் ஒரு டிகிரி வீதம் பின்தள்ளித் தொடங்குங்கள். 6 பிஎஸ்ஐ என்றால் 6 டிகிரி.

ஆளில்லாத நேரான ஏற்றத்தில், மூன்றாம் கியரில், 2,000 சுற்றிலிருந்து மெல்ல மிதித்து ஏறுங்கள். ஓட்டுநர் பாதையை மட்டும் பார்க்க வேண்டும். மடிக்கணினி பக்கத்து இருக்கையில் இருப்பவருடையது. பூஸ்ட் வந்ததும் கலவை 12.5-ஐத் தாண்டினாலோ, தகரப் பெட்டியில் கூழாங்கல் உருளுவது போன்ற ஓசை கேட்டாலோ உடனே காலை எடுத்துவிடுங்கள். நின்ற பிறகு பதிவைப் பார்த்து, பழைய மதிப்பை அளந்த கலவையால் பெருக்கி இலக்குக் கலவையால் வகுத்தால் புதிய மதிப்பு கிடைக்கும். கட்டத்தில் 70 இருந்து, அளந்தது 13.2, இலக்கு 12.0 என்றால், புதிய மதிப்பு 77.

இவை முடிந்ததும் லோ ரேஞ்சில், வெயில் நேரத்தில், இருபது நிமிடம் தொடர்ந்து ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது இன்னும் இரண்டு மூன்று டிகிரி பற்றவைப்பைப் பின்தள்ளும்படி ஈசியூவில் திருத்தம் எழுதுங்கள். காலைக் குளிரில் மட்டும் டியூன் செய்த வண்டி, மதிய மணலில் நாக்கிங் செய்வதை நான் கண்டிருக்கிறேன்.

படி 9: முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

ஒவ்வொரு நாளும் எஞ்சின் ஆறிய பிறகு மேனிஃபோல்டு நட்டுகளையும் குழாய்க் கிளாம்ப்களையும் இறுக்கிப் பாருங்கள். முதல் சில வெப்பச் சுழற்சிகளில் அவை தளரும். கடுமையான ஏற்றத்துக்குப் பின் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். சிவக்கச் சூடான டர்பைனோடு நீரில் இறங்கினால் வார்ப்பு விரியக்கூடும் என்பதால், ஓடையைக் கடக்குமுன்னும் அதே காத்திருப்பு தேவை. 500 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை மாற்றி, பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள்; பிறகு ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி உட்சுவரில் விரலை ஓட்டுங்கள். விரலில் புழுதி ஒட்டினால், அந்த இணைப்பை அடைக்கும் வரை வண்டி மண்பாதைக்குப் போகக் கூடாது.