டிசம்பர் கோடையில் பாலைவனச் சாலை: சுங்கை சிப்புட்டிலிருந்து பினாக்கல்ஸ், கல்பாரிக்கு முதல் பயணம்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மழை கொட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் கோடை உச்சம். கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். நேர வித்தியாசம் இல்லை. கார் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடும். பாலைநிலத்தைச் சொந்தமாகக் கார் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் தோட்டப்புறக் குடும்பத்துக்கு முதல் பயணமாக இது மிகவும் தோதானது. பெர்த், செர்வான்டிஸ், ஜெரால்ட்டன், கல்பாரி, மறுபடி பெர்த். போக வர ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். ஐந்து நாள் வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சாப்பாட்டை முடித்து, பிள்ளைகளைப் பின் இருக்கையில் தூங்க வைத்து, இரவு பத்து மணிக்கு மேல் ஹைவே ஏறுவது நம் வழக்கம். அங்கே அது ஆபத்து. அந்தி, இரவு, விடியல் என மூன்று வேளையும் கங்காருக்கள் சாலைக்கு வரும். இருட்டிய பிறகு நகர எல்லைக்கு வெளியே ஓட்டினால் காப்புறுதி செல்லாது என்று பல வாடகைக் கார் ஒப்பந்தங்களே சொல்கின்றன. டிசம்பரில் பெர்த்தில் காலை ஐந்து மணியளவில் விடியும், மாலை ஏழே கால் வாக்கில் பொழுது சாயும். நீண்ட ஓட்டத்தைக் காலை ஆறரைக்குத் தொடங்கி, மாலை ஆறுக்குள் தங்குமிடம் சேரும்படி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 1: கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

மலேசியக் கடப்பிதழுக்கு ஆஸ்திரேலியாவின் மின்னியல் பயண அனுமதி போதும். அதன் செயலியில் கைத்தொலைபேசி வழியாகவே விண்ணப்பிக்கலாம். நம் லைசன்ஸ் மலாயில் இருப்பதால், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து, இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

படி 2: கார்

நால்வருக்குச் சாதாரண ஆட்டோ கார் போதும். இந்த வழிக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. பதிவு செய்யும்முன் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள். ஒரு நாளைக்குக் கிலோமீட்டர் வரம்பு உண்டா? (பெர்த்துக்கு வெளியே போனால் வரம்பு வைக்கும் நிறுவனங்கள் உண்டு.) பினாக்கல்ஸ் என்ற கல்தூண் பாலைவனத்துக்குள் இருக்கும் மண் சாலையில் ஓட்டலாமா? முன்பணம் பிடிக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டுமா? மாற்றி ஓட்டுபவரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? மாற்று டயர் உண்டா, அல்லது டயர் ஓட்டையை அடைக்கும் பசை மட்டும்தானா? கவுண்டரில் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்வது மூன்றாவது கேள்வியில்தான். மனைவியின் கார்டு, கணவரின் லைசன்ஸ் என்றால் சாவி கிடைக்காமல் போகலாம்.

ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஆஸ்திரேலியத் தரச்சான்று பெற்ற குழந்தை இருக்கை கட்டாயம். இங்கிருந்து கொண்டுபோவது செல்லாது; காரோடு சேர்த்தே வாடகைக்கு எடுங்கள்.

படி 3: சாப்பாடு, தண்ணீர்

கறிவேப்பிலை, பழம், விதை, கோழி சம்பல், சிறுதானிய லட்டு என்று பையில் அடைக்காதீர்கள். உணவுப்பொருள் எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். குறித்துவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம் கடுமையாக இருக்கும். கடையில் வாங்கிய, பிரிக்காத மசாலைத்தூள் பாக்கெட்டை மட்டும் எடுத்துப்போய் அறிவித்துவிடுங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் பெர்த் இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோகலாம். மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக்தான் வேறு, அடாப்டர் வாங்குங்கள். வழிக்குப் புளிச்சாதம் கட்டுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக் அந்தச் சூட்டில் மதியத்துக்குள் கெட்டுவிடும்.

தண்ணீர்: ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். அதற்கு மேல் 10 லிட்டர் கேன் ஒன்று தொடாமல் காரிலேயே இருக்கட்டும். நம் ஊரில் வேர்வை சட்டையை நனைக்கும், உடனே தாகம் தெரியும். அங்கே காற்று வறண்டிருப்பதால் வேர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பு எவ்வளவு நீர் இழந்தது என்றே புரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடியுங்கள். தலைவலி, மயக்கம், மஞ்சள் கூடிய சிறுநீர் கண்டால் நிழலில் உட்கார்ந்து உப்புக்கரைசல் குடிக்க வேண்டும். தொப்பியோடு முகத்துக்கு ஈ வலையும் வாங்குங்கள். கோடை ஈக்கள் கண்ணிலும் மூக்கிலும் வந்து உட்காரும்.

படி 4: சாலையில்

முதல் நாள் இந்தியன் ஓஷன் டிரைவ் வழியே வடக்கே செல்லுங்கள். லான்செலினில் வெள்ளை மணல்மேடுகளைப் பார்த்துவிட்டு, பெர்த்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கும் செர்வான்டிஸில் மதியமே அறை எடுத்து ஓய்வெடுங்கள். பினாக்கல்ஸுக்கு மாலை ஐந்துக்குப் போனால் போதும். ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக்கல் தூண்கள், சில மூன்று மீட்டருக்கு மேல், மஞ்சள் மணலில் நிற்கும். கடற்சிப்பிகள் பொடியாகி உருவான சுண்ணாம்பு அது. நடுப்பகலில் எல்லாம் தட்டையாக வெளுத்துத் தெரியும். நிழல் நீளும்போதுதான் ஒவ்வொரு தூணும் தனித்தனியாக எழும். 4 கிலோமீட்டர் மண் சுற்றில் மெதுவாக ஓட்டுங்கள், குறித்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே அறைக்கு வந்துவிடலாம்.

இரண்டாம் நாள் ஜெரால்ட்டனில் பெட்ரோலை நிரப்பி, நார்தாம்ப்டனில் இடப்பக்கம் திரும்பி போர்ட் கிரெகரி போங்கள். ஹட் லகூன் என்ற இளஞ்சிவப்பு உப்பேரி அங்கேதான். நிறம் துனாலியெல்லா என்ற பாசியின் பீட்டா கரோட்டினால் வருவது. மற்ற இடங்களுக்கு மாறாக, இதை உச்சி வெயிலில்தான் பார்க்க வேண்டும். கோடையில் ஓரங்கள் வற்றி உப்புப் பாளமாகிவிடலாம். மேலே பார்க்க உறுதியாக இருந்தாலும் அடியில் சேறு, காரை இறக்காதீர்கள். அங்கிருந்து கல்பாரி ஒரு மணி நேரத்துக்குள்.

மூன்றாம் நாள் முர்ச்சிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கல்பாரியில் சுமார் 5.20க்கு விடியும். நன்றாக வெளுத்த பிறகு கிளம்பி, கங்காருவுக்காக வேகத்தைக் குறைத்து ஓட்டினால் ஆறேகாலுக்குள் சேரலாம். 'நேச்சர்ஸ் விண்டோ' என்ற பாறைச் சாளரத்துக்குப் போக வர ஒரு கிலோமீட்டர். அதை முடித்துக்கொண்டு, 2020இல் திறந்த 'ஸ்கைவாக்' என்ற வான்நடை மேடைக்குப் போங்கள். பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டி நீளும் அந்த மேடைக்குக் கீழே சுமார் 100 மீட்டர் வெற்றிடம். சாளரத்தைத் தாண்டிப் போகும் ஒன்பது கிலோமீட்டர் சுற்று நடை கோடையில் வேண்டவே வேண்டாம். பாறைச் சுவர்கள் சூட்டைப் பிடித்து வைப்பதால், பள்ளத்துக்குள் ஊரைவிட வெகுவாகச் சூடு ஏறும். பத்து மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். நான்காம் நாள் கடற்கரைப் பாறைகளுக்கு.

படி 5: கோளாறு வந்தால்

கங்காரு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிரேக் பிடியுங்கள். திருப்பினால்தான் கார் உருளும். சக்கரம் தார் ஓரத்து ஜல்லியில் இறங்கிவிட்டாலும் இதேதான்: வெடுக்கென்று இழுக்காமல், வேகம் குறைந்த பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 50 மீட்டர் நீளத்தைத் தாண்டும் 'ரோட் டிரெய்ன்' லாரிகளும் ஓடுகின்றன. முந்துதடம் வரும்வரை பின்னாலேயே பொறுமையாகப் போங்கள். உயர்ந்தபட்ச வேகம் 110.

டயர் காற்றைக் காலையில், ஓட்டும்முன் பாருங்கள். ஓடிய சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் டயர் தளர்ந்து மேலும் சூடேறி வெடிக்கலாம். காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள், அடியில் உள்ள புகைக்குழாயின் சூட்டில் தீப்பிடிக்கும். கார் நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். கார் தேடுபவர் கண்ணில் படும், ஆள் படமாட்டார். அவசர எண் 000. ஊர்களுக்கு இடையே சிக்னல் கிடைக்காத நீளங்கள் உண்டு, டெல்ஸ்ட்ரா சிம் ஓரளவு கைகொடுக்கும்.

ஐந்தாம் நாள் கல்பாரியிலிருந்து பெர்த் சுமார் 570 கிலோமீட்டர், ஓய்வோடு எட்டு மணி நேரம். விமானத்தை அன்றைக்கே போடாமல் மறுநாளுக்கு எடுங்கள். காரில் படிந்த மணலைக் கழுவி, பெட்ரோலை நிரப்பிய பிறகு ஒப்படையுங்கள். அரசின் 'ஃபியூயல்வாட்ச்' தளத்தில் மறுநாள் விலை மதியம் இரண்டரைக்கே வந்துவிடும்; எந்த நிலையத்தில் மலிவு என்று முன்னிரவே பார்த்து வைக்கலாம்.