ஆங்கிலக் கூட்டுச் சொல்: அசை பிரிப்பதும் அழுத்தம் கண்டுபிடிப்பதும்

மன்னார்குடியில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் ஆங்கிலச் சொல்லை அசை பிரிக்கச் சொன்னால், எழுத்துகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது காதில் விழும் உயிரொலியை. யாப்பில் படித்த நேர், நிரை கணக்கும் இங்கே உதவாது. ‘வயல்’ யாப்பில் ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் இரண்டு.

முதல் படி: இரண்டு சொற்கள் சேர்ந்த கூட்டுச் சொல்லை, அவை ஒட்டிய இடத்தில் பிரியுங்கள். ரெய்ன்வாட்டர் என்றால் ரெய்ன், வாட்டர்.

இரண்டாம் படி: தாடைக்கு அடியில் புறங்கையை வைத்து மெதுவாகச் சொல்லுங்கள். தாடை இறங்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அசை. ரெய்ன் 1, வாட்டர் 2, ஆக 3.

நம் வாய் சறுக்குவது இங்கேதான். மெய்யில் முடியும் சொல்லோடு ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவோம். தஞ்சாவூர் பஸ்ஸில் தினமும் காதில் விழும் ஃபுட்போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது ஃபுட்-போர்ட், இரண்டே அசை. ஃபுட்-போர்-டு என்று சொன்னால் மூன்றாகிவிடும். கடைசியில் நாக்கை மேலண்ணத்தில் நிறுத்திவிடுங்கள், உகரம் வராது.

மூன்றாம் படி, அழுத்தம். சத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. அந்த அசை கொஞ்சம் நீளும், குரலும் ஏறும், மற்றவை தேயும். கூட்டுப் பெயர்ச்சொல்லில் பெரும்பாலும் முதல் துண்டுக்குத்தான் அழுத்தம். நாகப்பட்டினத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஃபிஷர்மேனைச் சொல்லிப் பாருங்கள். ‘ஃபி’யில் குரல் ஏறும், கடைசி ‘மேன்’ தேய்ந்து ‘மன்’ ஆகிவிடும். நாம் மூன்று அசைக்கும் ஒரே எடை கொடுப்பதால்தான் வேற்றூர்க்காரருக்குப் புரிய நேரமாகிறது.

அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறும். க்ரீன், ஹவுஸ் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது ‘க்ரீன்’ அழுத்தம் பெற்றால் அது நாற்று வளர்க்கும் பசுமைக்குடில். ‘ஹவுஸ்’ அழுத்தம் பெற்றால் பச்சைப் பெயின்ட் அடித்த வீடு.

சரி, விதிவிலக்கு இல்லையா? உண்டு. கொள்ளிடம் கரை மீறி வழிகிறது என்று வினையாகச் சொன்னால் ஓவர்ஃப்ளோவில் ‘ஃப்ளோ’வுக்கு அழுத்தம். வழிந்த நீரைப் பெயராகச் சொன்னால் ‘ஓ’வுக்கு. ஓல்ட்-ஃபேஷன்ட் போன்ற பண்புச் சொற்களிலும் முதன்மை அழுத்தம் இரண்டாம் துண்டுக்குப் போகும். சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். உச்சரிப்புக் குறிப்பில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால், மேல்புறத்தில் சிறிய செங்குத்துக் கோடு இருக்கும். கீழ்ப்புறக் கோடு இரண்டாம் நிலை அழுத்தம்.

இப்போது நீங்களே பிரியுங்கள்: பட்டர்மில்க், க்ரவுண்ட்வாட்டர், ஹேண்ட்லூம். விடை 3, 3, 2. மூன்றிலும் அழுத்தம் முதல் அசையில்.