காய்ச்சி அடிப்பதும் மற்ற உலோக வேலைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது வார்ப்பு. வேண்டாத பகுதியைக் கடைந்தும் துளைத்தும் நீக்குவது லேத் வேலை. துண்டுகளை இணைப்பது வெல்டிங். உருக்காமலும் செதுக்காமலும், திடநிலையிலேயே பெரும்பாலும் சூடேற்றி, அடித்தோ அழுத்தியோ உருவத்தை மாற்றுவது ஃபோர்ஜிங். ஊர்க் கொல்லர் உலையில் காய்ச்சி அரிவாள் அடிப்பதும், பெரிய ஆலைகளில் அச்சுக்கட்டைகளுக்கு இடையே எஞ்சின் பாகங்களை அழுத்தி எடுப்பதும் அந்த ஒரே வேலைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கொல்லுப்பட்டறை ஒருபுறமும் ஓசூரின் வாகனத் தொழில் மறுபுறமும் இருப்பதால் இவ்வேலைகள் அனைத்தையும் அருகருகே பார்க்க முடிகிறது. ஆனாலும் ஒன்றின் விதியை இன்னொன்றில் பொருத்திப் பார்ப்பதால் நேரும் தவறுகள் குறையவில்லை.

முதலாவது, அடித்துச் செய்ததே எப்போதும் உயர்ந்தது என்ற நம்பிக்கை. லேத் இயந்திரத்தின் அடிப்படுக்கையும் லாரியின் பிரேக் டிரம்மும் வார்ப்பிரும்பில் செய்யப்படுவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. அந்த இரும்பில் பரவியிருக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வை உள்வாங்கிக்கொள்கின்றன. இரண்டு சதவீதத்துக்கு மேல் கரிமம் (கார்பன்) உள்ள அந்த இரும்பைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால் அது நீளாது, உடைந்துபோகும். மாறாக, எஞ்சினில் பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு போல ஓயாமல் இழுவிசையும் அழுத்தமும் தாங்கும் பாகத்துக்கு ஃபோர்ஜிங் பொருந்தும். அடிக்கும்போது உலோகத்தின் உள் இழையோட்டம் பாகத்தின் வளைவோடு சேர்ந்தே வளைகிறது. அதே வடிவத்தைத் தடித்த கம்பியிலிருந்து கடைந்தெடுத்தால் அந்த இழைகள் வளைவுகளில் அறுபட்டு நிற்கும்.

ஃபோர்ஜிங் முடிந்தால் பாகமும் முடிந்துவிட்டது என்று எண்ணுவது அடுத்த தவறு. சூட்டில் மேற்பரப்பு செதிலாக உதிர்கிறது, அதன் கீழ் மெல்லிய அடுக்கில் கரிமமும் குறைந்துவிடுகிறது. இவற்றைக் கடைந்து நீக்குவதற்கு அளவில் சற்று மிகுதி விடாமல் அடித்தால், லேத்துக்குப் போனபின் ஒன்று அளவு குறையும், இல்லையேல் மென்மையான தோல் மிஞ்சும்.

பழைய உலைகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை செல்வதாக 2022இல் அறிவிக்கப்பட்டபோது, அன்றே இரும்பை உருக்கி ஊற்றினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இரும்பு உருக ஏறத்தாழ 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டை எட்டாத பழங்கால உலைகளில் பொதுவாகக் கிடைத்தது சிட்டம் (உலைக் கசடு) கலந்த, கடற்பஞ்சு போன்ற கட்டியே. அதைச் சூட்டோடு அடித்துச் சிட்டத்தை வெளியேற்றிய பிறகுதான் இரும்பு பயனுக்கு வந்தது.

பட்டறையில் அடிக்கடி காண்பது, கையில் கிடைத்த எந்த இரும்பையும் காய்ச்சுவதுதான். சாதாரணக் கம்பி 1200 டிகிரி வரை தாங்கும். கரிமம் மிகுந்த கமான் பட்டை (வண்டியின் பளுவைத் தாங்கும் வில் பட்டை) அந்தச் சூட்டை நெருங்கினால் கெட்டுப்போக நேரிடும். பொறி தெறிக்கும் அளவுக்கு வெந்த எஃகை எந்தத் தோய்ச்சலும் (காய்ச்சிய எஃகை நீரிலோ எண்ணெயிலோ முக்கிக் கடினமாக்குவது) மீட்காது. நிறம் மங்கிய பின்னும் அடித்துக்கொண்டே இருப்பதும் அதே அளவு தீங்கு. விரிசல் உள்ளே ஓடும். நிறத்தை வெயிலில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, உலை நிழலில்தான் இருக்க வேண்டும். கழற்றிப் போட்ட கமான் பட்டையில் ஓயாத பளுவால் வரும் களைப்பு விரிசல்கள் முன்பே ஒளிந்திருக்கலாம் என்பதால், அரிவாளுக்கு எடுக்கும் முன் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

இப்பகுதியில் கருங்கல் வேலை பரவலாக இருப்பதால் கல்லுளியைத் தனியே சொல்ல வேண்டும். முனை மழுங்கிய உளியைக் காய்ச்சி, அடித்து நீட்டி, பிறகு முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தோய்க்க வேண்டும். முனையை உடனே தேய்த்துப் பளிச்சென்றாக்கினால், உடலில் மிஞ்சிய சூடு முனையை நோக்கி நகர்ந்து நிறங்கள் ஓடுவது தெரியும். வைக்கோல் நிறம் முனையை எட்டியதும் மீண்டும் தோய்த்து நிறுத்துவார்கள். அவசரத்தில் கிரைண்டரில் வைத்துக் கூராக்கி முனை நீலமானால், கூர் இருக்கும், உறுதி போயிருக்கும். தலைப்பகுதியையும் சேர்த்துத் தோய்ப்பது இன்னும் ஆபத்தானது. கடினமான தலை சுத்தியலடியில் சில்லாகத் தெறித்துக் கண்ணைக் குத்தக்கூடும். அடிபட்டுப் பிதுங்கிய விளிம்பையும் அவ்வப்போது அரைத்து நீக்க வேண்டும்.

ஒடிந்த கமான் பட்டையை வெல்டிங் வைத்து மீண்டும் வண்டியில் ஏற்றுவது, தோய்ச்சல் பெற்ற எஃகின் கடினத்தை இணைப்பின் ஓரத்தில் குலைத்து, அருகிலேயே மறுபடி ஒடியச் செய்யும். துத்தநாகம் பூசிய குழாயை உலையில் இடவே கூடாது. 907 டிகிரியில் துத்தநாகம் ஆவியாகிவிடும். அதன் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும்.