முதல் 50 கிலோமீட்டர்: மாரத்தானைத் தாண்டி ஓடப் பழகுவது எப்படி?

மாரத்தான் 42.195 கி.மீ. அதைத் தாண்டினால் அல்ட்ரா. பெரும்பாலும் முதலில் ஓடுவது 50. கூடுதலாக எட்டு கிலோமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கால் ஓய்ந்து, வயிறு மக்கர் செய்து, மனசு சாக்குப்போக்கு தேடும் நேரத்தில் வரும் எட்டு அது. அதற்கு வேகத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

1. தயாரா என்று பாருங்கள்

சில மாதங்களாக வாரம் 35–40 கி.மீ. தொந்தரவில்லாமல் ஓடுகிறீர்கள், ஓர் அரை மாரத்தானாவது முடித்திருக்கிறீர்கள் என்றால் தொடங்கலாம். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் பயிற்சி.

2. வேகத்தைக் குறையுங்கள்

எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். நீண்ட ஓட்டத்தில் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி இரண்டிரண்டு சொல்லாக வந்தால் வேகம் அதிகம். 50 கிலோமீட்டரை 7 மணி நேரத்தில் முடிக்க ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 24 விநாடி கிடைக்கிறது, அதாவது நடுநடுவே நடந்தாலும் போய்ச் சேரலாம். அதனால் நடக்கவும் பழகுங்கள்: 25 நிமிட ஓட்டம், 5 நிமிட வேக நடை, மேட்டில் எப்போதும் நடை. இதைச் சோர்ந்த பிறகு இல்லாமல் முதல் மணி நேரத்திலிருந்தே செய்தால்தான் பலன்.

3. தூரத்தைக் கூட்டுங்கள்

16 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நீண்ட ஓட்டம், 20-இல் தொடங்கி இரண்டு மூன்று கிலோமீட்டராகக் கூட்டி, ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்து, கடைசியில் 35 வரை போனால் போதும். பயிற்சியில் 50 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அதற்குப் பதில் ஒரு நாள் 28, மறுநாள் காலை 15 என்று அடுத்தடுத்து ஓடுங்கள்; களைத்த காலோடு கிளம்புவது எப்படி இருக்கும் என்று அந்த இரண்டாம் நாள் சொல்லிக்கொடுத்துவிடும். பாதையில் இறக்கம் இருந்தால் இறக்கத்திலும் பழகுங்கள், தொடைத் தசையை அதிகம் பதம் பார்ப்பது ஏற்றம் அல்ல.

4. ஓடிக்கொண்டே சாப்பிடப் பழகுங்கள்

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 60 கலோரி, ஆக 50-க்கு 3000. உடம்பு கிளைக்கோஜனாக, அதாவது தசையிலும் கல்லீரலிலும் இருப்பு வைக்கும் மாவுச்சத்தாக, சேர்த்து வைப்பதோ ஏறக்குறைய 2000. கொழுப்பும் எரியும், ஆனால் அது மெதுவாகத்தான் கைகொடுக்கும். அதனால்தான் 30 கி.மீ.க்குப் பிறகு திடீரென்று கால் கனத்து, உலகமே வெறுத்துப்போகிறது. இதைத் தவிர்க்க மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஓட்டக்காரர்களுக்கான சர்க்கரை ஜெல்லோ பழமோ, எது ஒத்துக்கொள்கிறது என்று பயிற்சியிலேயே பாருங்கள். பசிக்கும்வரை காத்திருக்காமல் முதல் 30–40 நிமிடத்திலேயே தொடங்குங்கள். நான் என் முதல் முயற்சியில் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, 38-இல் உட்கார்ந்தவன் எழவில்லை.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டத்தின்போது இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

5. கடைசி மூன்று வாரம்

தூரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். பயிற்சி குறைகிறதே என்று பதறி எதையும் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். புதிய ஷூ, புதிய சாக்ஸ் இரண்டும் கூடாது. நகத்தை வெட்டி, உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள்.

6. அந்த நாள்

முதல் 20 கி.மீ. சலிப்பாக இருக்கும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். 35-க்குப் பிறகு மொத்த தூரத்தை நினைக்காமல் அடுத்த தண்ணீர் மேசைவரை மட்டும் ஓடுங்கள். இரண்டு காலும் சேர்ந்து மந்தமாக வலித்தால் நடந்து தொடரலாம். ஒரே இடத்தில் குத்தி நடையே மாறினால், அல்லது தலை சுற்றிக் குழப்பமாக இருந்தால், நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். அங்கே வைராக்கியம் வேண்டாம்.

முடித்தவுடன் உட்காராமல் பத்து நிமிடம் மெல்ல நடங்கள். ஒரு வாரம் ஓட்டம் கிடையாது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை ஒத்துழைக்காது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள்.