சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறீர்களா? ஊர் நம்பரைக் காப்பாற்றி, அங்கே புது நம்பர் வாங்கும் முறை

சிங்கப்பூருக்கு முதல் தடவையாகக் கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட், டிக்கெட், ஐபிஏ கடிதம் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) எல்லாவற்றையும் நாலு முறை எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். சிம் கார்டு ஞாபகம் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் வரும். சிங்கப்பூர் சிம் வாங்குவது பத்து நிமிட வேலை. சிக்கலெல்லாம் ஊர் நம்பரில்தான். வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். அதற்குச் செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றை இந்தியாவில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: நம்பர் யார் பெயரில் இருக்கிறது? (கிளம்ப மூன்று வாரம் முன்)

நிறைய பேர் பயன்படுத்தும் நம்பர் அப்பா பெயரிலோ, அண்ணன் பெயரிலோ, பத்து வருடத்துக்கு முன் சிம் வாங்கிக்கொடுத்த நண்பன் பெயரிலோ இருக்கும். ஊரில் இருக்கும்வரை அது தொந்தரவில்லை. வெளிநாட்டில் சிம் தொலைந்தாலோ பழுதானாலோ, யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடைக்கு நேரில் போய் மாற்று சிம் வாங்க முடியும். ஆபரேட்டரின் ஷோரூமுக்கு ஆதாருடன் போய்ப் பெயரைச் சரிபாருங்கள். வேறு ஒருவர் பெயரில் இருந்தால், இருவரும் சேர்ந்து போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சிம் பழையதாக, கீறலாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். மாற்று சிம் வேலை செய்யத் தொடங்கியதும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. கிளம்பும் நாளில் சிம் மாற்றினால் அன்றைக்குத் தேவையான ஓடிபி ஒன்றுகூட வராது.

படி 2: போனைச் சோதியுங்கள்

சிங்கப்பூரில் 2ஜி 2017-இலேயே முடிந்தது. 3ஜியும் 2024-இல் முடிந்தது. இப்போது 4ஜியும் 5ஜியும் மட்டும்தான். பேச்சுகூட 4ஜி வழியாகவே போகும். அதற்குப் பெயர் வோல்ட்டி. ஆக, பட்டன் போனில் 4ஜி வோல்ட்டி இல்லையென்றால் அங்கே அது வெறும் கடிகாரம்தான்.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில போன்களில் வோல்ட்டி இந்திய ஆபரேட்டர்களுக்கு மட்டும் திறந்திருக்கும். சிங்கப்பூர் சிம் போட்டால் இணையம் பறக்கும், ஆனால் போன் பேச முடியாது. ‘சிம் கோளாறு’ என்று பலரும் கடைக்கு நடையாய் நடப்பது இதனால்தான். உங்கள் போனின் மாடல், ஆபரேட்டரின் இணையதளத்தில் உள்ள வோல்ட்டி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போனின் மென்பொருளையும் கடைசிப் பதிப்புக்கு அப்டேட் செய்துவிடுங்கள்.

அப்படியே *#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். போன் தொலைந்தால் புகார் கொடுக்க அது வேண்டும்.

படி 3: எந்த சிம் அட்டையில், எது இ-சிம்மில்?

போனில் இரண்டு சிம் அட்டை போட இடமிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு அட்டையும் ஒரு இ-சிம்மும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) என்றால், இந்திய நம்பரை அட்டையாகவே வைத்துக்கொண்டு சிங்கப்பூர் நம்பரை இ-சிம்மாக எடுப்பது நல்லது. ‘இ-சிம் தொலையாது’ என்று சொல்லி இதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்பவர்களும் உண்டு. போன் உடைந்த அன்றுதான் வித்தியாசம் தெரியும். அட்டையைக் கழற்றி வேறு போனில் போட்டால் அடுத்த நிமிடம் ஓடிபி வரும். இந்திய இ-சிம்மை வெளிநாட்டில் இருந்துகொண்டு புதுப் போனுக்கு மாற்றுவது பெரும்பாடு. சிங்கப்பூர் இ-சிம் போனால், கடை பக்கத்திலேயே இருக்கிறது.

படி 4: ரோமிங், வேலிடிட்டி

ஆபரேட்டரின் ஆப்பில் ‘இன்டர்நேஷனல் ரோமிங்’ சேவையை இயக்குங்கள். ரோமிங் பேக் வாங்குவது வேறு, சேவையை இயக்குவது வேறு. சேவை இயங்கவில்லையென்றால் சிம் அங்கே எந்த நெட்வொர்க்கிலும் சேராது, ஓடிபியும் வராது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: என் நம்பரில் ரோமிங் இயங்குகிறதா? சிங்கப்பூரில் எஸ்எம்எஸ் பெற ரோமிங் பேக் கட்டாயமா? எஸ்எம்எஸ் வருவது இலவசமா? பொதுவாக வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை. வரும் அழைப்பை எடுத்தால் காசு போகும்.

அடுத்தது வேலிடிட்டி. தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் ப்ரீபெய்ட் நம்பரை ஆபரேட்டர் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. துண்டித்த நம்பரை மேலும் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் வாட்ஸ்அப்பும், நீங்கள் மாற்ற மறந்த கணக்குகளும் அந்த நம்பரோடுதான் இருக்கும். புதிதாக வாங்கியவரின் கைக்கு உங்கள் ஓடிபி போவதை நினைத்துப் பாருங்கள்.

டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அதன் வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம் என்றும் அனுமதித்தது. வெளிநாடு போகிறவர்களுக்குப் பொருத்தமானது இந்த வகைதான். ஒரு வருடத்துக்குப் போட்டுவிட்டு, முடிகிற நாளுக்குப் பத்து நாள் முன்னதாகப் போனில் நினைவூட்டல் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கும் ரீசார்ஜ் செய்யச் சொல்லிக்கொடுங்கள்.

படி 5: விமானம் ஏறும் முன் போனில் மாற்ற வேண்டியவை

இந்திய சிம்முக்கு ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாமல் காசு பிடுங்குவது இன்னொன்று: ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொரு சிம்மின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி. இரண்டு சிம் போடும் புதிய போன்கள் பலவற்றில் இது உண்டு. சிம் அமைப்புகளுக்குள் தேடி அணைத்துவிடுங்கள். ஐபோனில் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் இந்திய நம்பரை உறுதிசெய்யப் பின்னணியில் வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். அதற்கும் காசு கழியும். தேவையில்லையென்றால் அந்த நம்பருக்கு அவற்றை அணைத்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் நம்பரை மாற்ற வேண்டியதில்லை. இந்திய நம்பரிலேயே ஓடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு பின் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: இறங்கியதும்

சாங்கியில் இலவச வைஃபை இருக்கிறது. முதலில் அதில் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். விமான நிலையத்தில் கண்ணில் படுவது சுற்றுலாப் பயணிகளுக்கான சிம். ஜிபி கணக்கில் அள்ளிக் கொடுப்பார்கள், ஆனால் சில நாட்களில் முடிந்துவிடும். வேலைக்கு வந்தவர் அதை வாங்கினால், வங்கிக்கும் கம்பெனிக்கும் கொடுத்த நம்பர் ஒரு மாதத்துக்குள் செத்துப்போகும். சாதாரண ப்ரீபெய்ட் சிம் கேளுங்கள். செவன்-இலெவன், சியர்ஸ் போன்ற கடைகளிலும், லிட்டில் இந்தியாவில் செராங்கூன் ரோடு பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கும்.

சொந்த நெட்வொர்க் உள்ள நிறுவனங்கள் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. மற்ற பெயர்கள் பெரும்பாலும் இவற்றின் நெட்வொர்க்கில் ஓடுபவை அல்லது இவற்றின் துணைப் பெயர்கள். எது நல்லது என்பதை விளம்பரம் சொல்லாது. உங்கள் தங்குமிடத்திலும் வேலைத் தளத்திலும் எது எடுக்கிறது என்று ஏற்கெனவே அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

வாங்கும்போது அசல் பாஸ்போர்ட் வேண்டும். வயது 15 நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் மூன்று ப்ரீபெய்ட் சிம்தான். கடைக்காரர் உங்கள் கண்முன்னே பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து பதிவு செய்வார். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் முன்னும் பின்னும் மாறி விழுவது வழக்கம்; பின்னால் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது அது இடிக்கும். கடையை விட்டு வெளியே வருமுன் ஒரு அழைப்பு, ஒரு இணையப் பக்கம் இரண்டையும் முயன்று பாருங்கள்.

உங்கள் நம்பர் எட்டு இலக்கம். 8 அல்லது 9-இல் தொடங்கும். ஊரிலிருந்து கூப்பிடுகிறவர்கள் முன்னால் +65 சேர்க்க வேண்டும். காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்

‘உன் பெயரில் ஒரு சிம் எடுத்துக் கொடு, ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன்’ என்று யாராவது அணுகினால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அந்த சிம் மோசடிக் கும்பலுக்குப் போகும். பதிவில் இருப்பது உங்கள் பெயர். 2025 ஜனவரி 1 முதல் இதற்குத் தனிச் சட்டப்பிரிவே நடைமுறையில் இருக்கிறது. 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கடன் வாங்கி வந்த ஒருவர் ஐம்பது வெள்ளிக்காக வேலையையும் இழந்து வழக்கிலும் சிக்கக் கூடாது. அதேபோல, முன்பின் தெரியாதவர் பதிவுசெய்து தரும் சிம்மையும் வாங்காதீர்கள்.

படி 7: பாஸ் அட்டை கைக்கு வந்த பிறகு

ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், இ-பாஸ் எதுவானாலும் அதில் ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) இருக்கும். அந்த எண்ணை வைத்து மாதக் கட்டணத் திட்டத்துக்கு மாறலாம். மாதம் முழுக்க டேட்டா பயன்படுத்துபவருக்கு ப்ரீபெய்டைவிட இது கட்டுப்படியாகும். ஒப்பந்தமில்லாத, சிம் மட்டும் தரும் திட்டத்தையே எடுங்கள். போனோடு சேர்த்துத் தரும் திட்டம் பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம். பாஸ் காலாவதி அதற்குள் வந்தால் முன்பணம் கேட்கலாம். வேலை நடுவில் போய் ஊர் திரும்ப நேர்ந்தால் மீதி மாதங்களுக்கான தொகை தலையில் விழும்.

ப்ரீபெய்டில் இருந்த நம்பரையே வைத்துக்கொள்ள விரும்பினால், பழையதை ரத்து செய்வதற்கு முன்பே சொல்லுங்கள். ரத்து செய்த நம்பரைக் கொண்டுவர முடியாது. சில நிறுவனங்கள் மற்றவர்களின் ப்ரீபெய்ட் நம்பரை நேரடியாக எடுப்பதில்லை. பழைய நிறுவனத்திலேயே மாதக் கட்டணத்துக்கு மாறிவிட்டு வரச் சொல்லும். நீங்கள் பாஸ்போர்ட் எண்ணில் பதிந்திருப்பீர்கள், புது விண்ணப்பம் ஃபின் எண்ணில் இருக்கும். இந்த வேறுபாட்டால்தான் பல விண்ணப்பங்கள் திரும்பிவிடுகின்றன. முதலில் பழைய நிறுவனத்தில் அடையாள எண்ணைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நம்பர் நிலையான பிறகு வங்கிக் கணக்கு, பேநவ் (போன் நம்பர் வழியாகப் பணம் அனுப்பும் வசதி), சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னணு அடையாளம்) மூன்றிலும் அதைப் பதியுங்கள். நம்பர் முடிவாவதற்கு முன் பதிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்ற வேண்டிவரும்.

சரியாக ஓடவில்லையா?

*இணையம் வரவில்லை:* டேட்டா எந்த சிம்மில் என்று பாருங்கள். சிங்கப்பூர் சிம்தான் என்றால் ஏபிஎன் அமைப்பு (போனை ஆபரேட்டரின் இணையத்தோடு இணைக்கும் அமைப்பு) தவறியிருக்கும். ஆபரேட்டரின் உதவிப் பக்கத்தில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் இட்டு, போனை அணைத்து இயக்குங்கள்.

*இந்திய ஓடிபி வரவில்லை:* போனில் இந்திய சிம்முக்கு நெட்வொர்க் பெயர் தெரிகிறதா? தெரியவில்லையென்றால், தானியங்கித் தேர்வை அணைத்து, பட்டியலில் உள்ள சிங்கப்பூர் நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பாருங்கள். எதிலும் சேராவிட்டால் பேக் முடிந்திருக்கும் அல்லது ரோமிங் சேவை அணைந்திருக்கும். சில நாள் ஒருமுறை அந்த சிம்மை இயக்கினால் போதும் என்று அணைத்தே வைக்காதீர்கள், எப்போதும் இயங்கட்டும்.

*காசு தானாகக் குறைகிறது:* உட்லண்ட்ஸ் போன்ற வடக்குப் பகுதித் தங்குமிடங்களில் ஜொகூர் பக்கத்து மலேசிய சிக்னல் வந்து ஒட்டிக்கொள்ளும். போன் அதை வெளிநாடாகக் கணக்கிடும். சிங்கப்பூர் சிம்மிலும் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்து நிறுத்துங்கள்.

*இந்தியாவுக்குப் பேசினால் அதிகம் போகிறது:* நேராக +91 போட்டுக் கூப்பிட்டால் பல திட்டங்களில் உயர் கட்டண வழியில் போகும். சிங்டெல்லில் 019, ஸ்டார்ஹப்பில் 018, எம்1-இல் 021 என்று மலிவு வழிக்கான முன்னெண்கள் உண்டு. அதன்பின் 91, பிறகு பத்து இலக்க நம்பர். உங்கள் திட்டத்துக்கு அது பொருந்துமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

*அதிகாரி என்று சொல்லி அழைப்பு:* உள்ளூர் அழைப்பில் + குறி வராது. +65 என்று காட்டினால் அது வெளிநாட்டிலிருந்து வருவது. ‘மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறோம்’ என்று தமிழிலேயே பேசினாலும் துண்டித்துவிடுங்கள். எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரில் ‘லைக்லி ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) என்றிருந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள்.

வேலை முடிந்து ஊர் திரும்பும்போது

முதலில் சிங்கப்பூர் வங்கியில் இருக்கும் பணத்தை அனுப்பி முடியுங்கள். அதற்கு அந்த நம்பருக்கு ஓடிபி வேண்டும். பிறகு பேநவ் இணைப்பை நீக்குங்கள். கடைசி பில்லைக் கட்டி, ரத்து உறுதிச் செய்தியைப் படமெடுத்து வையுங்கள். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். சிம் அட்டையை அறை நண்பருக்குக் கொடுக்காமல் வெட்டிப் போட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.