விண்டோஸ் 3.1 திரையில் எழுத்து பிசிறடித்தால்

உடனே புது எழுத்துரு தேடிப் போக வேண்டாம். பெரும்பாலும் எழுத்துருவில் கோளாறே இருக்காது. பிட்மேப் எழுத்துரு என்பது ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்து வரைந்த படம். எந்தத் திரைக்கு வரைந்தார்களோ அந்தத் திரையில்தான் ஒழுங்காக நிற்கும். எங்கே பொருத்தம் தவறியது என்று கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை.

முதலில் மானிட்டரைப் பாருங்கள். 1280×1024 எல்சிடியில் 640×480 படத்தை விரித்தால் அகலம் சரியாக 2 மடங்கு, உயரம் 2.13 மடங்கு. அந்த 0.13-தான் வினை: படுக்கைக் கோடுகளில் சில தடித்தும் சில மெலிந்தும் போகும், அல்லது எல்லாம் மங்கும். 1600×1200 திரையில் 800×600 வைத்தால் இரண்டு பக்கமும் சரியாக 2 மடங்கு. எழுத்து கத்தி மாதிரி இருக்கும். பழைய குழாய் மானிட்டருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

அனலாக் கேபிளில் வரும் எல்சிடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப்பைத் திறந்து, வால்பேப்பரை எடுத்துவிட்டு, பேட்டர்னில் 50% கிரே தேர்ந்தெடுங்கள். புள்ளி விட்டுப் புள்ளியாக நிரம்பும் அந்தத் திரையில் செங்குத்துப் பட்டைகள் ஓடினால் மானிட்டரின் கிளாக் அமைப்பு தவறு. பட்டை மறையும்வரை அதைத் திருப்புங்கள். பிறகும் திரை முழுக்க மினுமினுத்தால் ஃபேஸ் அமைப்பைத் திருப்புங்கள். ஆட்டோ பட்டனை அழுத்துவதானால் இந்தப் பேட்டர்ன் இருக்கும்போதே அழுத்துங்கள். வெற்றுத் திரையில் அது அளப்பதற்கு ஒன்றுமில்லை.

எழுத்தில் புள்ளி விடுபட்டிருந்தால் ஜன்னலை மெல்ல நகர்த்துங்கள். ஓட்டை திரையில் அதே இடத்தில் நின்றால் வீடியோ அட்டையின் நினைவகத்தைச் சந்தேகிக்க வேண்டும். எழுத்தோடு சேர்ந்து நகர்ந்தால் எழுத்துருக் கோப்பு. ஆனால் சில ஆக்ஸிலரேட்டர் அட்டைகளின் (வரையும் வேலையைத் தாமே செய்யும் வீடியோ அட்டைகள்) டிரைவர்கள் எழுத்துகளை அட்டையின் நினைவகத்திலேயே சேமித்து வைக்கும். அங்கே சில்லு கெட்டாலும் ஓட்டை எழுத்தோடுதான் நகரும். டாஸிலிருந்து (விண்டோஸுக்கு அடியில் ஓடும் இயங்குதளம்) விண்டோஸ் செட்அப்பை ஓட்டி, சாதாரண விஜிஏ (640×480 அடிப்படைத் திரை) டிரைவருக்கு மாற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடிக்கடி வருவது அடுத்த கோளாறுதான்: மெனு எழுத்து சின்னதாகவும் டயலாக் பெட்டி எழுத்து பெரிதாகவும் இருக்கும், அல்லது நேர்மாறாக. டிரைவர் மாற்றும்போது ஒரு கோப்பு மாறி மற்றது பழையபடியே நின்றுவிட்டது என்று பொருள். விண்டோஸின் அமைப்புக் கோப்புகளான சிஸ்டம்.ஐஎன்ஐ, வின்.ஐஎன்ஐ இரண்டையும் முதலில் நகல் எடுத்துக்கொண்டு, சிஸ்எடிட்டில் (விண்டோஸோடு வரும் திருத்தும் நிரல்) திறவுங்கள்.

சிஸ்டம்.ஐஎன்ஐ-இல் பூட் பகுதியில் எழுத்துரு வரிகள் மூன்று இருக்கும். விஜிஏ தொகுதி என்றால் மூன்று கோப்புப் பெயரும் விஜிஏ என்றே தொடங்க வேண்டும்: விஜிஏசிஸ், விஜிஏஃபிக்ஸ், விஜிஏஓஇஎம். பெரிய எழுத்துத் தொகுதி என்றால் மூன்றும் 8514 (ஐபிஎம்மின் உயர் தெளிவுத் திரையின் பெயர்) என்று தொடங்க வேண்டும். கலக்கக் கூடாது.

வின்.ஐஎன்ஐ-இல் ஃபான்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். எம்எஸ் சான்ஸ் செரிஃப், எம்எஸ் செரிஃப், கூரியர், சிம்பல், ஸ்மால் ஃபான்ட்ஸ் ஆகிய ஐந்தின் கோப்புப் பெயரிலும், புள்ளிக்கு முந்தைய கடைசி எழுத்தைக் கவனியுங்கள். அது ஆங்கில 'இ' என்றால் விஜிஏவுக்கான 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 புள்ளி) தொகுதி. 'எஃப்' என்றால் 8514-க்கான 120 டிபிஐ. ஒரே 8 பாயின்ட் எம்எஸ் சான்ஸ் செரிஃப், முதலாவதில் 13 பிக்சல் உயரம், இரண்டாவதில் 16. பூட் பகுதியில் விஜிஏ இருந்தால் இங்கே ஐந்தும் 'இ' ஆகட்டும். கோப்பு சிஸ்டம் அடைவில் இல்லையென்றால் நிறுவல் வட்டிலிருந்து எடுங்கள். அங்கே சுருக்கி வைத்திருப்பார்கள், பெயரின் கடைசியில் அடிக்கோடு இருக்கும். வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது, எக்ஸ்பாண்ட் கட்டளையால் விரிக்க வேண்டும். பிறகு விண்டோஸை மட்டும் மூடித் திறந்தால் போதும்.

இடம் மிச்சம் பிடிக்க எம்எஸ் சான்ஸ் செரிஃபை நீக்கிவிடாதீர்கள். டயலாக் பெட்டிகள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ஆவணத்தில் மட்டும் எழுத்து படிக்கட்டு மாதிரி தெரிந்தால் காரணம் அளவு. எம்எஸ் சான்ஸ் செரிஃப் 8, 10, 12, 14, 18, 24 பாயின்ட்களில் மட்டுமே வரையப்பட்டது. 48 கேட்டால் 24-ஐ இரட்டிப்பாக்கும். ஒவ்வொரு புள்ளியும் நாலு புள்ளிச் சதுரமாகிவிடும். 24-க்கு மேல் ஏரியல் போன்ற ட்ரூடைப் எழுத்துருவுக்கு (எந்த அளவுக்கும் கோட்டு வடிவிலிருந்து வரையப்படுவது) மாறுங்கள். 8 பாயின்ட்டில் நேர்மாறு: அங்கே பிட்மேப்தான் தெளிவு, ஏரியல் கொஞ்சம் தடுமாறும். ஐகான் தலைப்புக்கும் இதே விதி. வின்.ஐஎன்ஐ-இன் டெஸ்க்டாப் பகுதியில் ஐகான்டைட்டில்சைஸ் வரியில் 8 அல்லது 10 போடுங்கள், 9 வேண்டாம்.

டாஸ் ஜன்னலுக்கு இதெல்லாம் பொருந்தாது, அதற்குத் தனி எழுத்துரு. ஜன்னலின் இடது மூலை மெனுவில் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். 8×12 எடுத்தால் 80 எழுத்து வரி 640 பிக்சலையும் தின்றுவிடும், ஓரச் சட்டம் திரைக்கு வெளியே போகும். 7×12 எடுத்தால் 560-தான்.